மூன்று கிண்ணம் பொங்கல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரே அளவான மூன்று எவர்சில்வர் கிண்ணங்களை வைத்தேன். மூன்றிலும் வெண்பொங்கல். கிண்ணங்களின் அடியில் 418, 263, 907 என்று எண் எழுதிய காகிதத் துண்டுகளை ஒட்டியிருந்தேன். இரண்டு கிண்ணங்களில் இருந்தது சித்தி அன்று காலை குக்கரில் வைத்து, நெய்யில் தாளித்துக் கொட்டிய பொங்கல். ஒன்றில் மட்டும் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய பாக்கெட் பொங்கல். பையோடு கொதிநீரில் போட்டுச் சூடாக்கிப் பிரித்தது. சித்தியின் கண்களைக் கைக்குட்டையால் கட்டியாயிற்று. மூன்றையும் ஒவ்வொரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்து, மற்ற இரண்டிலிருந்து மாறுபட்டது எது என்று சொல்ல வேண்டும். கேள்வி அவ்வளவுதான்.

மூன்றாவது கிண்ணத்தில் நிறுத்தினார் சித்தி.

"இதுதான்டா பாக்கெட்டு."

"எப்படிச் சொல்றீங்க சித்தி?"

"மிளகு கடிபடவே இல்ல. முந்திரியும் சோறும் ஒரே பதமா இருக்கு."

உப்பு தூக்கல் என்பார், நெய் வாசனை சரியில்லை என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் பிடித்தது மிளகை. அந்த ஒரு வாக்கியத்துக்குள் ரெடிமேட் உணவின் அறிவியல் பாதி அடங்கியிருக்கிறது. மீதிப் பாதி, சித்தியின் கண்ணை ஏன் கட்டினேன் என்பதில் இருக்கிறது. இந்த அத்தியாயம் இரண்டையும் பற்றியது.

நாக்குக்குத் தெரிந்தது ஐந்து

'ருசி' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது குறைந்தது நான்கு வழிகளில் மூளைக்குப் போய்ச் சேரும் செய்தி. நாக்கின் சுவை மொட்டுகள் உணர்வது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்னும் ஐந்தை. ஐந்தாவதான உமாமியைத் தனிச்சுவை என்று 1908-இல் எடுத்துக் காட்டியவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா. கொம்பு என்னும் கடற்பாசியில் கொதிக்க வைத்த சாற்றின் ருசிக்கு குளூட்டமேட்டே காரணம் என்று கண்டார். தக்காளி போட்டுக் கொதித்த சாம்பாரில் நாக்கை இழுத்துப் பிடிக்கும் அந்த நிறைவிலும் குளூட்டமேட்டின் பங்கு உண்டு.

காரம் இந்தப் பட்டியலில் இல்லை. அது வலியின் வகை. மிளகாயின் கேப்சைசினும் மிளகின் பைப்பரினும், சூடுபட்டால் விழித்துக்கொள்ளும் அதே நரம்பு வாங்கியைத்தான் தட்டி எழுப்புகின்றன. அந்த வாங்கியை 1997-இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. 'வாய் எரிகிறது' என்று நாம் சொல்வதை மூளையும் அப்படியே எடுத்துக்கொள்கிறது.

மூன்றாவது வழி மணம். உணவை மெல்லும்போது கிளம்பும் ஆவி, தொண்டைக்குப் பின்னாலுள்ள பாதை வழியாக மேலேறி மூக்கை அடைகிறது. அங்கே சுமார் 400 வகை மண வாங்கிகள் காத்திருக்கின்றன. இதைச் சோதிக்க ஓர் ஏலக்காய் மிட்டாய் போதும். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் போடுங்கள், வெறும் சர்க்கரைதான் தெரியும். விரலை எடுத்த நொடியில் ஏலக்காய் வந்து நிற்கும். சளி பிடித்த நாளில் எந்தக் குழம்பும் ருசிக்காததற்கு இதுதான் காரணம். அன்று நாக்கு நன்றாகவே இருக்கிறது, அடைத்திருப்பது மூக்கு.

நான்காவது வழி பதம். மொறுமொறுப்பு, குழைவு, நறுக்கென்று கடிபடுவது, வழவழப்பு எல்லாம் பல்லும் ஈறும் காதும் சேர்ந்து எழுதும் அறிக்கை. அப்பளத்தின் ருசியில் அது நொறுங்கும் ஒலிக்கும் பங்கு உண்டு. சித்தி பாக்கெட்டைக் கண்டுபிடித்தது இந்த நான்காவது வழியில்தான்.

பைக்குள் நடந்தது என்ன?

சமைத்த உணவை மாதக்கணக்கில் கெடாமல் வைக்கும் கலை போர்க்களத்துக்காகப் பிறந்தது. பிரெஞ்சுப் படைகளுக்கும் கப்பல்களுக்கும் கெடாத உணவு தேவைப்பட்ட காலத்தில், நிக்கோலா அப்பேர் என்னும் மிட்டாய் வியாபாரி உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, மூடி, கொதிநீரில் வெகுநேரம் வைத்துக் காட்டினார். 1810-இல் அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்க் பரிசளித்தது. அந்த முறை ஏன் பலித்தது என்பது அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்கள்தான் உணவைக் கெடுக்கின்றன என்று லூயி பாஸ்டர் நிறுவியது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு.

மூடி வைத்த உணவில் மிகவும் அஞ்ச வேண்டிய நுண்ணுயிர் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம். காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். அதன் விதைத்துகள்கள் 100 டிகிரி கொதிநீரிலும் பிழைத்திருக்கும். எனவே அழுத்தம் கொடுத்து நீரின் கொதிநிலையை உயர்த்த வேண்டும். உணவின் நடுப்பகுதி 121 டிகிரி செல்சியஸில் சுமார் 3 நிமிடம் இருந்தால், அந்த விதைத்துகள்களில் லட்சம் கோடியில் ஒன்று பிழைக்கும் வாய்ப்புதான் மிஞ்சும். உலகம் முழுவதும் டப்பா உணவுக்கும் பை உணவுக்கும் அடிப்படைக் கணக்கு இது. இதைச் செய்யும் பெரிய அழுத்தக் கொப்பரையின் பெயர் ரிட்டார்ட். பாக்கெட்டின் மேல் 'பதப்படுத்தும் பொருள் சேர்க்கப்படவில்லை' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து 'அப்படியானால் எப்படி இத்தனை மாதம் கெடாமலிருக்கிறது?' என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். அங்கே பதப்படுத்தியது வெப்பம். பை பிரியாதவரை புதிய கிருமி உள்ளே நுழைய வழியில்லை.

கத்தரிக்கோலால் வெட்டிய பையின் ஓரத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரே தாள்போலத் தெரிவது உண்மையில் பல அடுக்கு. வெளியே கிழியாத, அச்சைத் தாங்கும் பாலியெஸ்டர். நடுவில் ஒளியையும் ஆக்சிஜனையும் தடுக்கும் அலுமினியத் தகடு. உள்ளே உணவைத் தொட்டபடி, சூட்டில் ஒட்டி மூடிக்கொள்ளும் பாலிபுரொப்பிலீன். பை தட்டையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உருண்டையான டப்பாவின் நடுவுக்குச் சூடு போய்ச் சேர நெடுநேரமாகும். அதற்குள் ஓரத்தில் இருப்பது அளவுக்கு மீறி வெந்துவிடும். தட்டையான பையில் நடுப்பகுதி சீக்கிரம் சூடேறுவதால் கொப்பரையில் இருக்கும் நேரம் குறைகிறது, ருசியும் அந்த அளவுக்குத் தப்பிக்கிறது. இந்தப் பையைக் கடைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி ஜப்பானின் ஒட்சுகா நிறுவனம். 1968-இல் அது விற்பனைக்கு விட்ட பையில் இருந்தது கறிக் குழம்பு.

இந்தியாவில் இந்த ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம் மைசூர். அங்கே 1961-இல் தொடங்கப்பட்ட பாதுகாப்புத்துறை உணவு ஆராய்ச்சிக்கூடம், எல்லையில் நிற்கும் படைவீரர்களுக்காக நம் சாப்பாட்டைப் பைக்குள் அடைக்கக் கற்றது. 1984-இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனபோது அவருக்கான இந்திய உணவுகளைத் தயாரித்துக் கொடுத்ததும் அதே கூடம்தான். சூப்பர்மார்க்கெட் அலமாரியில் இன்று நாம் எடுக்கும் பொங்கலும் பிசிபேளாபாத்தும் படைவீரரின் உணவுப்பொட்டலத்துக்கு உறவுமுறை.

வெப்பம் எடுத்துக்கொள்வதும் விட்டுவைப்பதும்

நம் வீட்டு பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே சூடு சுமார் 120 டிகிரி. ரிட்டார்ட் கொப்பரையின் சூடும் அதுவே. ஆகவே 'அவ்வளவு சூட்டில் வைத்தால் அரிசி என்னத்துக்காகும்?' என்ற அச்சத்தில் பொருளில்லை. அந்த அரிசியும் பருப்பும் நம் வீட்டிலும் ஏறக்குறைய அதே சூட்டில்தான் குழைகின்றன.

வேறுபாடு தாளிப்பில் இருக்கிறது. வீட்டில் குக்கரைத் திறந்த பிறகுதான் நெய்யைக் காய்ச்சுகிறோம். மிளகும் சீரகமும் பொரிந்து, முந்திரி சிவந்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் சடசடவென்று அடங்கியதும், அந்தக் கரண்டியைப் பொங்கலில் கவிழ்க்கிறோம். அதிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை 5 நிமிடம், 10 நிமிடம். தொழிற்சாலையிலோ தாளித்துக் கொட்டி, பையில் நிரப்பி, மூடிய பிறகுதான் கொப்பரைக்குள் அனுப்புகிறார்கள். தாளிப்பும் சேர்ந்து வேகிறது. மிளகு நீரைக் குடித்து மெத்தென்று ஆகிறது. முந்திரி மொறுமொறுப்பை இழந்து சோற்றின் பதத்துக்கு வந்துவிடுகிறது. கறிவேப்பிலையின் பச்சையத்தில் நடுவே உட்கார்ந்திருக்கும் மெக்னீசியம் அணு சூட்டில் கழன்று போக, இலை பழுப்பு கலந்த மங்கல் நிறமாகிறது. சித்தியின் கண்ணைக் கட்டியதற்கு முதல் காரணம் அந்த இலைதான். கிண்ணத்தைப் பார்த்த நொடியிலேயே விடை தெரிந்துவிடும்.

பிறகு பல மாதம் அலமாரியில் இருக்கும்போது இன்னொரு மாற்றம் நடக்கிறது. அரிசி வேகும்போது அதன் மாவுச்சத்து நீரை உறிஞ்சி விரிகிறது. ஆறியதும், அந்த மாவுச்சத்தின் இழைகள் மறுபடி ஒன்றோடொன்று அணிவகுத்து இறுகுகின்றன. மறுநாள் காலைச் சோறு விறைத்துப் போவது இதனால்தான். பைக்குள் இருக்கும் பொங்கலுக்கும் இதே கதி. 'கொதிநீரில் சில நிமிடம் வையுங்கள்' என்ற குறிப்பைத் தட்டாமல் செய்ய வேண்டும் என்பது இதற்காகத்தான். சூடு ஏறினால் இறுகிய மாவுச்சத்து பெருமளவு மீண்டும் இளகும்.

எல்லாப் பதார்த்தமும் ஒரேபோல் பாதிக்கப்படுவதில்லை. ரசம்போல நீர்த்தது பைக்குள் தானே சுழன்று சூட்டைப் பரப்பிக்கொள்ளும், ஆகவே சீக்கிரம் வேலை முடியும். பொங்கல்போலக் கெட்டியானதில் சூடு பருக்கை பருக்கையாகத் தவழ்ந்துதான் நடுவுக்குப் போக வேண்டும், நேரம் கூடும். பால் பாயசத்தில் பாலின் புரதமும் சர்க்கரையும் நெடுநேரச் சூட்டில் வினைபுரிந்து நிறம் செம்மையேறி, திரட்டுப்பாலின் சாயல் வந்துவிடும். ராஜ்மா, பருப்பு, கொண்டைக்கடலைக் குழம்பு போன்றவை நெடுநேரம் வெந்தால் ருசி கூடும் இனம், பைக்கு ஏற்றவை. தோசை, வடை, அப்பளம் எந்நாளும் இந்தப் பையில் வர முடியாது. மொறுமொறுப்பு என்பது நீர் வெளியேறியதால் கிடைப்பது. ஈரத்தோடு ஒரே பைக்குள் அதை அடைத்து வைக்க வழியே இல்லை.

நியாயமான சோதனைக்கு ஓர் இலக்கணம்

இனி கண்கட்டுக்கு வருவோம். பாக்கெட்டைப் பார்த்துவிட்டுச் சாப்பிடும் எவரும் பாக்கெட்டைத்தான் ருசிக்கிறார். வீட்டுச் சமையலில் பிடிப்புள்ளவருக்கு அது முன்கூட்டியே சப்பென்றிருக்கும். விளம்பரத்தில் நெய் சொட்டுவதைப் பார்த்தவருக்கு நெய் வாசனை கூடுதலாக வீசும். இருவரும் பொய் சொல்லவில்லை. மூளை, கண்ணும் நினைவும் சொன்னதை முன்வைத்துக்கொண்டுதான் நாக்கின் செய்தியைப் படிக்கிறது. பிரான்சின் போர்தோவில் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து, ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதை வருணித்த சொற்கள் சிவப்பு ஒயினுக்கு உரியவையாக இருந்தன. 2001-இல் வெளியான ஆய்வு அது. பயிற்சி பெற்ற மூக்குக்கே இந்த நிலை என்றால் நம் நிலை என்ன?

இதற்கான மருந்தை ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தது. 1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்னும் பாசியியல் அறிஞர், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார். உடனிருந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் இதைச் சோதிக்க ஒரு முறை வகுத்தார். எட்டுக் கோப்பைகள், நான்கு இப்படி, நான்கு அப்படி, வரிசை கலைத்து. நான்கையும் சரியாகப் பிரிக்கக் குருட்டு அதிர்ஷ்டத்துக்கு உள்ள வாய்ப்பு 70-இல் 1 மட்டுமே. 1935-இல் ஃபிஷர் எழுதிய நூலில் இந்தத் தேநீர் இடம்பெற்றது. உணவுச் சோதனை முதல் மருந்துச் சோதனை வரை எல்லாவற்றிலும் அதன் வாரிசுகள் உண்டு.

என் மூன்று கிண்ண முறைக்கு முக்கோணச் சோதனை என்று பெயர். 1940-களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் மதுவடிசாலையில் உருவானது. இரண்டு ஒன்றுபோல, ஒன்று வேறு, எது வேறு என்று கண்டுபிடி. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தரம் சரியாக வரும். ஆகவே சித்தி ஒருமுறை சரியாகச் சொன்னது ஒன்றையும் நிரூபிக்கவில்லை. அன்று வரிசையை மாற்றி மாற்றி நான்கு முறை வைத்தேன். நான்கும் சரி. குருட்டாம்போக்கில் அது நடக்க 81-இல் 1 வாய்ப்பு. சித்திக்கு உண்மையிலேயே தெரிகிறது என்று ஒப்புக்கொண்டேன். பலரைக் கூட்டிச் சோதிப்பதானால் 12 பேரில் 8 பேராவது, 24 பேரில் 13 பேராவது சரியாகச் சொன்னால்தான் 'வேறுபாடு தெரிகிறது' என்று ஆய்வகங்கள் எழுதுகின்றன.

வேறுபாடு தெரிகிறதா என்பது ஒரு கேள்வி, பிடித்திருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கக் கூடாது. பிடித்தத்தை அளக்க உலகெங்கும் வழங்கும் ஒன்பது படி அளவுகோலை அமெரிக்க ராணுவத்தின் உணவு ஆய்வாளர்கள் சிகாகோவில் உருவாக்கினார்கள். 1 என்றால் கொஞ்சமும் பிடிக்கவில்லை, 5 என்றால் பிடித்ததும் இல்லை பிடிக்காததும் இல்லை, 9 என்றால் மிகமிகப் பிடித்தது. வீரர்கள் தட்டில் எதை மிச்சம் வைப்பார்கள் என்பதை முன்னரே அறிய அது வேண்டியிருந்தது.

வீட்டில் செய்பவர்களுக்குச் சில விதிகள். கிண்ணங்களுக்கு 1, 2, 3 என்றோ அ, ஆ, இ என்றோ பெயர் வைக்காதீர்கள், முதலாவதுதான் சிறந்தது என்று மனம் சாயும். பொருளில்லாத மூவிலக்க எண் வையுங்கள். வரிசையை ஒவ்வொருவருக்கும் மாற்றுங்கள், பசியோடு தொடும் முதல் கரண்டிக்கு எப்போதும் கூடுதல் மதிப்பெண். மூன்றும் ஒரே சூட்டில் இருக்கட்டும். நாக்கில் இனிப்பைக் கடத்தும் ஒரு புரதம் 15 முதல் 35 டிகிரிக்குள் சூடு ஏற ஏறச் சுறுசுறுப்பாகும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது அதனால்தான். ஒரு கிண்ணத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே வெதுவெதுப்பான நீரும் ஒரு கைப்பிடி உப்பில்லாப் பொரியும் போதும். காரக் குழம்பானால் இரண்டு நிமிடமாவது பொறுத்திருங்கள். எரியும் நாக்கு அடுத்த கிண்ணத்தை உள்ளபடி சொல்லாது.

இரண்டாம் நாள்

மறுநாள் காலை இன்னொரு சோதனை வைத்தேன். இரண்டு பொங்கலிலிருந்தும் மிளகு, முந்திரி, கறிவேப்பிலையைப் பொறுக்கி எடுத்துவிட்டேன். ஒரு கரண்டி நெய்யில் புதிதாகத் தாளித்து, இரண்டிலும் சம அளவு கலந்தேன். மறுபடி கண்கட்டு, மூன்று கிண்ணம், நான்கு முறை. சித்தி இந்த முறை நெடுநேரம் யோசித்தார். நான்கில் இரண்டு சரி. குருட்டாம்போக்கில் சொல்பவர்களிலும் ஐந்தில் இருவர் இவ்வளவோ இதற்கு மேலோ எடுத்துவிடுவார்கள்.

ஒருவர், நான்கு முறை என்பது சிறிய சோதனை. இரண்டும் ஒன்றே என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வேறுபாட்டின் பெரும்பகுதி எங்கே குடியிருந்தது என்பதற்கு அது ஒரு குறிப்பு. அரிசியிலும் பருப்பிலும் அது அதிகம் இல்லை. கடைசிக் கரண்டியில் இருந்தது.

நாக்கால் கண்டுபிடிக்க முடியாதவை

நாக்கு சொல்லாத மூன்று செய்திகள் உண்டு, அவற்றைப் பையின் பின்பக்கம்தான் சொல்லும். முதலாவது உப்பு. மணம் குறைந்த உணவைத் தூக்கி நிறுத்த எளிய வழி உப்பைக் கூட்டுவது. நாக்கும் அதற்குச் சீக்கிரம் பழகிவிடும். உலக சுகாதார நிறுவனம் வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வைத்திருக்கும் வரம்பு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள். பையில் 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் குறைவாகத்தான் தோன்றும். பை 300 கிராம் என்றால் மொத்தம் 1,200 மில்லிகிராம், அதாவது 3 கிராம் உப்பு. ஒரே வேளையில் நாள் கணக்கில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. உப்பைக் குறைத்துச் சில மாதம் சாப்பிட்டால் நாக்கின் விருப்பமும் இறங்கி வரும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்த உண்மை.

இரண்டாவது, சேர்மானப் பட்டியல். எடையில் எது அதிகமோ அது முதலில் வரும். முன்பக்கப் படத்தில் நெய் வழிந்து, பின்பக்கப் பட்டியலில் வேறொரு எண்ணெய் முந்தி நின்றால், நீங்கள் வாங்குவது எது என்று புரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, பையின் வடிவம். உப்பிய பை என்றால் உள்ளே ஏதோ உயிரோடு வாயு விட்டுக்கொண்டிருக்கக்கூடும். மூடிய ஓரம் பிரிந்திருந்தாலும், கசிந்திருந்தாலும் 'கொஞ்சம் ருசித்துப் பார்க்கலாம்' என்ற எண்ணமே வேண்டாம். பாட்டுலினம் நஞ்சுக்கு எச்சரிக்கும் சுவையோ மணமோ கிடையாது. பிரிக்காமல் அப்படியே எறிந்துவிடுங்கள்.

வெளியூரில் தனியறையில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கும், இரவுப்பணி முடிந்து வரும் செவிலியருக்கும், அடுப்படியில் நிற்க முடியாத முதியவருக்கும் இந்தப் பை ஒரு வேளைச் சோறு. அதை இகழ்வதற்கு அறிவியலில் இடமில்லை. வீட்டுப் பொங்கலுக்கு ஈடு என்று பையின் முன்பக்கம் சொல்வதை நம்பவும் இடமில்லை. அடுத்த முறை ஒரு பை வாங்கினால் மூன்று கிண்ணம் எடுங்கள், ஒருவர் கண்ணைக் கட்டுங்கள், ருசித்து முடிவு செய்யுங்கள். கண்ணைத் திறந்ததும் சோடியம் கணக்கைப் போடுங்கள். சாப்பிடுவதென்று தீர்மானித்தால், ஒரு சின்னக் கரண்டி நெய்யில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் ஓர் இணுக்குக் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. பை இழந்ததில் பெரும்பகுதி அந்தக் கரண்டியில் திரும்பி வரும்.